98 எடுத்த பிள்ளை

மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஊருக்கு வெளியே ஒரு கதை உலாவுகிறது. மந்திரமாம், மருந்தாம். நான் இந்த வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். அந்த மந்திரம் எங்கள் குசினியில் தினமும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அரிசிமாப் புட்டு, எருமைத் தயிர், கதலி வாழைப்பழம், அதன் தலையில் இரண்டு கரண்டி சீனி. காலையில் இதை வயிறு முட்டத் தின்ற மனிசன் பாயை விட்டு எழும்பினால்தான் அதிசயம்.

விருந்தாளிக்கே இந்தக் கவனிப்பு என்றால், வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தால் கேட்கவும் வேண்டுமா? "ரெண்டு உசிருக்குத் தின்னணும் மகள்" என்பதுதான் அம்மாவின் சட்டம். கர்ப்பத்தின் பின்மாதங்களில் நாளுக்கு 300 முதல் 450 கலோரி வரை கூடுதலாகக் கிடைத்தால் போதும் என்கிறது மருத்துவம். அம்மாவின் கணக்கில் அந்த இரண்டாவது உயிர், ஆறடி உயரத்தில், வயல் வெட்டு முடித்து வந்து குந்தியிருக்கும் ஆம்பிளை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு வளவு மகளுக்கு. அம்மாவும் அப்பாவும் அதே வளவில், கூப்பிடு தூரத்தில். ஆகவே டீவி நாடகங்களில் வரும் மாமியார் கொடுமைக்கு இங்கே வாய்ப்புக் குறைவு. எல்லாம் அம்மா கொடுமைதான். அது மூன்று வேளையும் பீங்கானில் வரும். மாமி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறார். தூரத்தில் இருக்கும் குறையைத் தயிர்ச்சட்டி அனுப்பித் தீர்ப்பார். பெத்தாவோ இரண்டு பக்கத்துக்கும் மேலான நீதிமன்றம். பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்கு வாயில் வாணி வடியும் என்பது அவவின் தீர்ப்பு. மேன்முறையீடு கிடையாது. நான் தற்செயலாக ஒரு பலகாரத்தின் பெயரைச் சொன்னாலே போதும், பின்னேரத்துக்குள் அது சட்டியில் பொரியும்.

இப்படி நான் செழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் பகுதி மிட்வைப் மிஸ் அந்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். 24ஆம் கிழமைக்கும் 28ஆம் கிழமைக்கும் இடையில் செய்வது. இரவு சாப்பிட்டபின் ஒன்றும் தின்னாமல், விடிய வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

"பிள்ளைத்தாச்சியப் பட்டினி போட்டு என்ன சோதினகா?" என்று அம்மா பொங்கினார். துணைக்கு அவரும் வந்தார். வெறும் வயிற்று இரத்தம் எடுத்த கையோடு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்கச் சொன்னார்கள். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் அது 15 கரண்டி. அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "பரவால்லியே, கவர்மெண்டும் கவனிக்குது" என்றார். எனக்குக் குமட்டியது. பிறகு ஒரு மணித்தியாலத்தில் ஒரு தரம், இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தரம் கையில் குத்து.

முடிவு வந்தது. வெறும் வயிற்றில் 98. ஒரு மணித்தியாலத்தில் 186. இரண்டாவது மணித்தியாலத்தில் 161.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். எங்கள் வீட்டில் எண் என்றால் அது மார்க்ஸ்தான். துண்டை எட்டிப் பார்த்த அம்மா, 98ஐக் கண்டதும் பூரித்துப்போனார். பாஸ் மார்க் எவ்வளவு என்று நேர்ஸிடமே கேட்டார். "92க்குக் கீழ இரிக்கணும் அம்மா" என்றார் நேர்ஸ். "அப்ப இவ கூடத்தானே எடுத்திரிக்கா?" என்றார் அம்மா. வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சீனி வருத்தம். நான் மூன்று பாடத்திலும் திறமைச் சித்தி.

வேலியோரத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அது இன்னும் வளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து என் தலையைத் தடவி, "இந்த வயசிலயா புள்ள?" என்று கண் கலங்கினார். அவர் கையில் ஆறுதலுக்கு ஒரு பெட்டி தொதல்.

ஏன் எனக்கு இது வந்தது என்று டொக்டரிடம் கேட்டேன். பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோவது நச்சுக்கொடி. அது சும்மா குழாய் வேலை மட்டும் பார்ப்பதில்லை. சில ஹோர்மோன்களைச் சுரந்து, தாயின் உடம்பில் இன்சுலின் சொல்வது எடுபடாமல் செய்துவிடுகிறது. தாயின் தசைகள் சீனியை இழுத்துக்கொள்ளாது. அது இரத்தத்திலேயே நிற்கும். நின்றால் பிள்ளைக்குக் கூடுதலாகப் போகும். பெரும்பாலான பெண்களில் கணையம் கூட உழைத்துச் சமாளித்துவிடும். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களில் பல வேளை கணையத்தால் முடிவதில்லை. டொக்டர் இதைப் படம் கீறி விளக்க விளக்க எனக்கு எல்லாம் தெளிவாகியது. நச்சுக்கொடி எங்கள் அம்மா மாதிரி. உள்ளே இருக்கிற பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்றே கடைசி வரைக்கும் நம்புகிறது. அதன் நோக்கம் பாசம். விளைவு 186.

அளவுக்கு மிஞ்சிய சீனி பிள்ளைக்குப் போனால் பிள்ளையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். பிள்ளை கொழுப்பு வைத்துப் பெருக்கும். பிறக்கும்போது சிக்கல், பிறந்தபின் பிள்ளைக்குச் சீனி திடீரென்று இறங்கும் ஆபத்து. "கொழுகொழு பிள்ளை" என்று ஊர் கொண்டாடுவது எல்லாம் சுகதேகி இல்லை என்பதை அங்கேதான் கேட்டேன். அம்மாவுக்கு அந்த இடம் மட்டும் காதில் விழவில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தது எனக்குள் இருக்கும் டீச்சர். 1964ல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோன் ஓ'சல்லிவன் என்ற டொக்டரும் கிளேயார் மகான் என்ற புள்ளிவிபரவியலாளரும் 752 கர்ப்பிணிகளை வைத்து முதல் எல்லைகளைப் போட்டார்கள். அந்தப் பெண்கள் குடித்தது 100 கிராம். அதைப் படித்தபின் என் 75ஐப் பற்றி முறைப்படுவதை நிறுத்தினேன். பிறகு ஒன்பது நாடுகளில் 25,000 அளவு கர்ப்பிணிகளைப் பார்த்த பெரிய ஆய்வு 2008ல் வெளிவந்தது. சீனி ஏற ஏற பிள்ளையின் பருமனும் சிக்கலும் படிப்படியாக ஏறும், இந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்று கோடு கீற முடியாது என்பதை அது காட்டியது. எங்கேயாவது கீறத்தானே வேண்டும்? 92, 180, 153 என்று கீறினார்கள். 2013ல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது.

என் மனதைத் தொட்டவர் சென்னையின் டொக்டர் வீ. சேஷையா. தூரத்து ஊர்களில் இருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணிகளை வெறும் வயிற்றோடு வா என்றால் வருவார்களா, வந்தாலும் மறுபடி வருவார்களா என்று யோசித்தவர். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராமைக் குடி, இரண்டு மணித்தியாலத்தில் ஒரே ஒரு குத்து, 140 தாண்டினால் கவனி என்ற முறையை முன்வைத்தவர். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10ஐ இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அவர்தான் மனிசன்" என்றார். பட்டினி போடாத டொக்டர் என்றால் அம்மாவுக்குத் தெய்வம்.

சரி, வைத்தியம் என்ன? முதலில் சாப்பாடு, அடுத்தது நடை. அதில் அடங்காவிட்டால் மெட்போமின் அல்லது இன்சுலின். ஊசி போட நேர்ந்தால் அது யாருடைய குற்றமும் இல்லை, நச்சுக்கொடி கொஞ்சம் கூடப் பாசக்காரி என்று அர்த்தம். எனக்குச் சாப்பாட்டில் பார்க்கலாம் என்றார்கள். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழ். கேட்க லேசு.

உடனே ஆலோசனைக்குழு கூடியது. இலண்டனில் இருக்கும் மச்சாள் ஒரு அட்டவணை அனுப்பினாள். காலையில் ஓட்ஸ், பத்து மணிக்கு புளூபெரி, பகல் புரொக்கோலி, இரவு சால்மன். கல்லடிச் சந்தையில் புளூபெரி கேட்டால் நாவல்பழக் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். மாமி, தயிரில் சீனி போடாதே என்று கேள்விப்பட்டு, போத்தலில் கித்துள் பாணி அனுப்பினார். "இது மரத்தில இரிந்து வாற. சீனி இல்ல மகள்." கரும்பும் மண்ணில் இருந்துதான் வருகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாணி, சர்க்கரை, தேன் எல்லாம் வயிற்றுக்குள் போனபின் சீனியின் சொந்தக்காரர்கள்தான். தயிரைத் தனியாகத் தின்றால் தொந்தரவில்லை. புரதமும் கல்சியமும் உண்டு. கெட்ட பெயர் எடுத்தது அதன் தலையில் ஊற்றிய பாணியால்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர் கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளை கொண்டுவந்தார். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்து விடியக் குடித்தால் சீனி இறங்குமாம். கர்ப்ப காலத்தில் இப்படியான மருந்து ஒன்றும் வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அது இப்போது அப்பாவின் பேனை வைக்கும் குவளை. காத்தான்குடியில் இருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் டீச்சர் ஒருத்தி, என் சோகத்தைக் கேட்டுத் தாங்காமல் மஸ்கற் கொண்டுவந்தாள். நெய் சொட்டியது. ஸ்டாஃப் ரூமில் இருந்த எல்லோரும் என் சார்பில் அதைத் தின்று என் உயிரைக் காப்பாற்றினார்கள்.

எல்லாரையும் விடப் பெரிய எதிரி பேத்தோவன். 1810ல் ஃபியூர் எலீஸ் என்று ஒரு சின்ன இசைத்துண்டு எழுதினார். இரு நூற்றாண்டுக்குப் பிறகு அதை இலங்கையில் பாண் ஓட்டோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கை முனையில் அந்த மெட்டு கேட்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மாலு பாண், சீனி தூவிய கிம்புலா பனிஸ், ஜாம் வைத்த உருண்டை. பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கும். அம்மா வாசலில் நின்று என்னையும் பார்ப்பார், ஓட்டோவையும் பார்ப்பார். "ஒண்டே ஒண்டு தின்னன். வாணி வடியுமாம்."

இந்த நிலையில்தான் மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வந்தார். 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை, பிள்ளைத்தாச்சியின் வீட்டு வாசலுக்கே வரும் ஒரு மனிசியை எங்கள் நாட்டுக்குத் தந்தது. அந்த மனிசி ஸ்கூட்டரை முற்றத்தில் நிறுத்தியதும் செய்த முதல் வேலை என் துண்டைப் பார்ப்பது இல்லை. நேரே குசினிக்குள் போனார். மூடியைத் திறந்தார். திரிபோஷாச் சத்துமாவில் சீனியும் தேங்காய்ப்பூவும் பிசைந்து உருட்டிவைத்திருந்த உருண்டைகளைக் கண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை நாற்காலியில் இருத்தினார்.

"அம்மா, உங்கட மகளுக்கு இனி நீங்கதான் டொக்டர்."

அதுவரைக்கும் எல்லோரும் அம்மாவிடம் சொன்னது "குடுக்காதீங்க" என்ற ஒன்றைத்தான். ஊட்டுவதற்கென்றே பிறந்த ஒரு மனிசியிடம் ஊட்டாதே என்றால் அவர் ஒளித்து ஊட்டுவார். மிஸ் ஒன்றையும் தடுக்கவில்லை. வேலை கொடுத்தார். ஒரு பீங்கான் கேட்டார். அதில் விரலால் கோடு கீறினார். பாதிப் பீங்கானுக்கு இலைச்சுண்டலும் மரக்கறியும். காற்பங்குக்கு மீன், முட்டை, பருப்பு. மிச்சக் காற்பங்குக்குத்தான் சோறோ புட்டோ. அதுவும் தீட்டாத சிவப்பரிசி. தேத்தண்ணிக் கப்பால் ஒரு கப். ஒரே தடவையில் குவிக்காமல், மூன்று சாப்பாடு, இடையில் சின்னதாகக் கடலையோ தயிரோ. படுக்கப்போக முன் கொஞ்சம். "இதெல்லாம் ஆக்க உங்களால ஏலுமா அம்மா, கஷ்டமான வேல" என்று கடைசியில் ஒரு கொளுக்கி போட்டார்.

"ஏலுமாவா?" என்றார் அம்மா. அன்றைக்கே அப்பாவின் பெரிய மக் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, கப் என்று மிஸ் சொன்னது இதைத்தான் என்று சாதிக்கப் பார்த்தார். அது எடுபடவில்லை. அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் விடிய வேலியில் படர்ந்திருந்த கோவை இலை வீட்டுக்குள் வந்தது. பிறகு முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, குறிஞ்சா, வாழைப்பூ. மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், அடுப்பில் ஒரு புரட்டு, இறக்கித் தேசிக்காய். வாவி இறாலில் முருங்கை இலை போட்டு ஒரு கறி. மீன்காரனிடம் அம்மா பேரம் பேசுவதை விட்டுவிட்டு, "என்ட மகளுக்கு டொக்டர் சொன்ன மீன்" என்று அதிகாரத்தோடு வாங்கினார். எந்த மீன் என்று டொக்டர் சொல்லவே இல்லை.

விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் எங்கள் வீட்டின் டீவி ஆகியது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் ஆனதும் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். பட்டியில் இரத்தச் சொட்டு ஏறும். மெஷின் ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கும். அம்மா உதட்டுக்குள் மாமாங்கேஸ்வரரைக் கூப்பிடுவார். 128. கைதட்டல். குறைந்த மார்க்ஸுக்குக் கைதட்டும் ஒரே வீடு எங்களுடையது.

மெஷின் யாருக்கும் முகம் பார்க்காது. குரக்கன் நல்லது என்று கேள்விப்பட்ட அம்மா, நல்லதைக் கூடக் கொடுப்பதில் என்ன பிழை என்று ஒரு நாள் குரக்கன்மாப் புட்டை இரண்டு குழல் வைத்தார். 164. குரக்கனும் மாச்சத்துத்தான். நிறம் கறுப்பு என்பதற்காக மெஷின் கழிவு தராது. இன்னொரு நாள் அதே குரக்கன் புட்டு ஒரு குழல், முதலில் இலைச்சுண்டலும் மீனும் தின்று முடித்துவிட்டுப் புட்டுக்கு வந்தேன். 131. மரக்கறியும் புரதமும் முன்னால் போனால் மாச்சத்து மெதுவாகத்தான் இரத்தத்துக்கு வரும். காலைச் சாப்பாடுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். விடியக்காலையில் உடம்பின் ஹோர்மோன்கள் இன்சுலினை இன்னும் மதிக்காது. பகலில் சமர்த்தாகப் போகும் அதே சோறு காலையில் துள்ளும். அதனால் காலைக்கு முட்டையும் கடலையும் கூடி, இடியப்பம் குறைந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடை. கல்லடியில் 1924ல் கட்டிய லேடி மனிங் பாலம், பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. பூரணை இரவில் அங்கே நின்றால் வாவிக்குள் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். நானும் கணவரும் அங்கே நடந்தோம். சாப்பிட்டபின் கால்மணித்தியாலம் நடந்தாலே தசைகள் இன்சுலின் சொல்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். ஒரு பூரணை நாளில் தண்ணீரின் பக்கம் காதைச் சாய்த்து நின்றேன். கர்ர் என்று ஒரு நீளமான ஒலி. "கேட்டிச்சா, மீன் பாடுது" என்றேன். "அது என்ட வயிறு" என்றார் கணவர். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பீங்கான், ஒரே கோடு என்று அம்மா சட்டம் போட்டிருந்தார். வீட்டோடு வந்த மாப்பிள்ளை, எதிர்த்துப் பேச இடமில்லை.

இதில் உண்மையில் குணமானவர் அப்பா. அவருக்குப் பல வருசமாகச் சீனி வருத்தம். அவர் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்துவிட்டு, "மாத்திர போடுறார்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவர் அம்மா. எனக்காக இலைச்சுண்டல் சட்டி ஏறியபின் அப்பாவின் கிளினிக் கொப்பியிலும் எண்கள் இறங்கத் தொடங்கின. "என்ட வருத்தத்துக்கு இவ்வளவு காலமும் ஒரு வல்லாரை வரல்ல" என்று அவர் முறைப்பட்டார். "நீங்க பிள்ளைத்தாச்சியா?" என்றார் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது.

பிள்ளை பிறந்தது. 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பிறந்த கையோடு பால் கொடுக்கவைத்து, பிள்ளையின் குதிக்காலில் குத்திச் சீனி பார்த்தார்கள். நல்ல எண். பெத்தா பிள்ளையைத் தூக்கி, நாடியைப் பிடித்து, வாயை ஆராய்ந்தார். வாணி வடிந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வடியும் என்று நான் சொன்னதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. "கிம்புலா பனிஸ்" என்று மட்டும் சொன்னார்.

நச்சுக்கொடி வெளியே போனதும் இந்த வருத்தமும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் உண்மையில் போனதா என்று பார்க்க, பிள்ளை பிறந்து ஆறு கிழமை கழித்து மறுபடியும் அதே 75 கிராம். அம்மாவும் வந்தார். முடிவு சாதாரணம். மிட்வைப் மிஸ் ஆறுதலாக விளக்கினார். பால் கொடுப்பது எனக்கும் நல்லது. இந்த வருத்தம் ஒருக்கா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. அதனால் இந்தப் பீங்கான் கோட்டை அழிக்கக் கூடாது, நடையை விடக் கூடாது, வருசா வருசம் இரத்தம் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளை என்றால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கண்ணை எடுக்காமல் கேட்டார். எனக்கே பெருமையாக இருந்தது.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் என் தொடையில் தட்டினார்.

"கேட்டியா மகள், மிஸ்ஸே சொல்லிட்டா. அடுத்த புள்ளைக்குத் தொடங்கட்டாம்."